மூன்று வகுப்பு, ஒரே அறை: கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியின் பலவயது வகுப்பறையில் பிள்ளைகள் என்ன கற்கிறார்கள்?

அமெரிக்காவில் ஒரு கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கப் போகிறீர்கள். "உங்கள் மகள் 1, 2, 3-ஆம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் அறையில் இருப்பாள்" என்கிறார் தலைமை ஆசிரியர். உடனே கலக்கம் வரும். ஆசிரியர் பற்றாக்குறையா? பெரிய பிள்ளைகள் நடுவே சின்னவள் திணறிப் போவாளா? மூன்றாம் வகுப்புக்கு வரும்போது படித்ததையே படித்துக்கொண்டிருப்பாளா? மூன்றும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். சில பள்ளிகளில் இந்தக் கவலைக்கு நியாயம் உண்டு; வேறு சில பள்ளிகளில் இதே ஏற்பாடு நன்றாக யோசித்துச் செய்யப்பட்டிருக்கும். அறைக்குள் நடப்பது தெரிந்தால் இது எந்த வகை என்று கண்டுகொள்ளலாம்.

வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தெரியும் இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று கூட்டு வகுப்பு. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துவிட்டதால் இரண்டு வகுப்புகளை ஒரே ஆசிரியரிடம் விடுவது. ஒரு பக்கம் முதல் வகுப்புப் புத்தகம், மறுபக்கம் இரண்டாம் வகுப்புப் புத்தகம். ஆசிரியர் இந்தப் பக்கம் நடத்தும்போது அந்தப் பக்கம் பயிற்சித்தாள் நிரப்பும். மற்றொன்று பலவயது வகுப்பறை. இங்கே மூன்று ஆண்டுகள் ஒரே ஆசிரியர், ஒரே அறை என்பதை முன்வைத்தே பாடத்திட்டம் எழுதப்படும். ஒவ்வோர் ஆகஸ்டிலும் மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள் புதிதாக வருவார்கள், மே முடிவில் மூன்றில் ஒரு பங்கு நான்காம் வகுப்புக்குப் போவார்கள். 21 பேர் இருக்கும் அறையில் 14 பேரை ஆசிரியருக்கு முன்பே தெரியும். யாருக்குக் கழித்தல் தடுமாறுகிறது, யார் சத்தம் கேட்டால் அழுவாள் என்பதையெல்லாம் செப்டம்பர் முழுக்கத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இந்த இரண்டாவது வகைதான் இந்தக் கட்டுரையின் பொருள். முதல் வகையையும் கெட்டது என்று ஒதுக்க முடியாது. நல்ல ஆசிரியர் கையில் அது மெல்ல இரண்டாவது வகையாக மாறுவதுண்டு.

ஏன் கத்தோலிக்கப் பள்ளிகளில் இது அதிகம் பேசப்படுகிறது

1884-இல் பால்டிமோரில் கூடிய அமெரிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) ஒவ்வொரு பங்கிலும் (ஒரு கோவிலைச் சார்ந்த கத்தோலிக்க வட்டாரம்) கோவிலுக்கு அருகே ஒரு பள்ளி இருக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அதன் விளைவாக 1960-களில் ஏறத்தாழ 13,000 கத்தோலிக்கப் பள்ளிகளில் 52 லட்சம் பிள்ளைகள் படித்தார்கள். இன்று பள்ளிகள் 6,000-க்கும் குறைவு, பிள்ளைகள் சுமார் 17 லட்சம். துறவற சகோதரிகளான கன்னியர் ஆசிரியர்களாக இருந்த காலம் போய்ச் சம்பள ஆசிரியர்கள் வந்தபோது கட்டணம் ஏறியது. நகரத்துக் குடும்பங்கள் புறநகருக்குப் போயின. ஒரு வகுப்புக்கு ஏழெட்டுப் பிள்ளைகளே மிஞ்சிய பங்குப் பள்ளிகளுக்கு முன்னால் இரண்டு வழிகள்தான் இருந்தன: மூடுவது, அல்லது வகுப்புகளைச் சேர்ப்பது. சேர்த்தவற்றில் சில பள்ளிகள் அதை முறையாகக் கற்றுக்கொண்டு செய்தன.

இன்னொரு வேரும் உண்டு. மூன்று ஆண்டு வயதுக் கலப்பைத் தன் முறையின் அடித்தளமாக வைத்த மரியா மாண்டிசோரி கத்தோலிக்கர். நம் ஊருக்கும் அவரைத் தெரியும்: 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கினார். கத்தோலிக்க மாண்டிசோரிப் பள்ளிகளில் 6 முதல் 9 வயது வரை ஒரே அறை என்பது இயல்பான ஏற்பாடு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலையோ, 2022-க்குப் பின் 'எண்ணும் எழுத்தும்' வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிப்பதையோ பார்த்தவர்களுக்கு இதன் சாயல் சட்டென்று பிடிபடும்.

ஏறும் பாடம், சுழலும் பாடம்

பலவயது வகுப்பறையைப் புரிந்துகொள்ள ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். பாடங்கள் இரண்டு வகை. கணக்கும் எழுத்து வாசிப்பும் ஏறும் பாடங்கள். ஒரு படியைத் தாண்டிக் குதிக்க முடியாது. அறிவியல், சமூகம், மறைக்கல்வியின் (கத்தோலிக்கச் சமயப் பாடம்) பெரும்பகுதி ஆகியவை சுழலும் பாடங்கள். காந்தத்தை முதலில் படித்துச் செடியைப் பிறகு படித்தாலும், செடியை முதலில் படித்தாலும் ஒன்றும் கெடாது. அதனால் சுழலும் பாடத்தை அறை முழுவதும் ஒரே நேரத்தில் படிக்கும்; மூன்று ஆண்டுகளில் ஒரு சுற்று முடியும். ஏறும் பாடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தான் நிற்கும் படியில் படிக்கும்.

எந்தப் பாடம் எந்த வகை என்பதில் குழப்பம் வந்தால்தான் இந்த ஏற்பாடு சரிகிறது. கணக்கையும் சுழலில் போட்டுவிட்ட பள்ளியில், முதல் வகுப்புப் பிள்ளை இருபதுக்குள் கழிக்கத் தெரியாமலே பெருக்கல் வாய்பாட்டின் முன் உட்கார்ந்திருக்கும்.

கணக்கு: கவனம் அதிகம் வேண்டிய இடம்

அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாகப் பின்பற்றப்படும் தர அளவுகளின்படி (மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள பகுதிக்குப் பகுதி, சிறிது மாறும்), முதல் வகுப்பு முடியும்போது பிள்ளைக்கு 120 வரை எண்ணவும், 20-க்குள் கூட்டிக் கழிக்கவும், கடிகாரத்தில் முழு மணியும் அரை மணியும் சொல்லவும் தெரிய வேண்டும். இரண்டாம் வகுப்பில் 1,000 வரை எண்களைப் படித்து எழுதுவது, 100-க்குள் சரளமாகக் கூட்டிக் கழிப்பது, ஐந்து நிமிடத் துல்லியத்தில் மணி சொல்வது, டாலரும் சென்ட்டும் எண்ணுவது. மூன்றாம் வகுப்பில் ஓரிலக்கப் பெருக்கல் வாய்பாடு முழுவதும் மனப்பாடம், 100-க்குள் வகுத்தல், பின்னம், பரப்பளவு.

மூன்றையும் ஒரே அறையில் எப்படி நடத்துவது? 75 நிமிடக் கணக்கு நேரம் பெரும்பாலும் இப்படி இருக்கும். முதல் 10 நிமிடம் எல்லோரும் கம்பளத்தில் உட்கார்ந்து ஒரே எண்ணைப் பார்ப்பார்கள். எண் 48 என்று வைத்துக்கொள்வோம். முதல் வகுப்புப் பிள்ளை நான்கு பத்துக் கட்டுகளும் எட்டு ஒற்றைக் குச்சிகளும் எடுத்து வைக்கும். பத்து கூடினால் என்ன, பத்து குறைந்தால் என்ன என்று சொல்லும். இரண்டாம் வகுப்பு, நூறாக இன்னும் எத்தனை வேண்டும் என்று பார்க்கும். மூன்றாம் வகுப்பு, 48 சதுரத் துண்டுகளால் எத்தனை வகைச் செவ்வகம் அடுக்கலாம் என்று தேடும்: ஆறு எட்டு, நாலு பன்னிரண்டு, மூன்று பதினாறு. சின்னவர்களுக்கு அது முழுதாகப் புரியாது. புரிய வேண்டியதும் இல்லை. ஆனால் எண்ணைச் செவ்வகமாக அடுக்கலாம் என்பதை இரண்டு ஆண்டுகள் காதால் கேட்டுவிட்டுத்தான் பெருக்கலுக்கே வருவார்கள்.

பிறகு இருபது இருபது நிமிடமாக மூன்று சுற்று. ஒரு குழு ஆசிரியரோடு புதுப் பாடம் படிக்கும், ஒரு குழு தனியாகப் பயிற்சி செய்யும், ஒரு குழு பகடை, சீட்டு என்று கணக்கு விளையாடும். கடைசி ஐந்து நிமிடம் எடுத்துவைக்க.

இதில் எங்கே கோளாறு வரும் என்றால், தனியாகச் செய்யும் குழுவில். செப்டம்பரில் ஆறு வயதுப் பிள்ளையால் இருபது நிமிடம் தனியாக வேலை செய்ய முடியாது. பாதியில் எழுந்து வந்து ஆசிரியரின் சட்டையை இழுக்கும், பாடம் நின்றுவிடும். அதனால் அனுபவமுள்ள ஆசிரியர்கள் முதல் ஆறு வாரம் புதுப் பாடத்தைக் குறைத்து, பழக்கத்தைக் கற்பிப்பார்கள்: எந்தத் தட்டில் எது இருக்கிறது, பென்சில் உடைந்தால் என்ன செய்வது, சந்தேகம் வந்தால் முதலில் மேசையில் இருக்கும் மூன்று பேரிடம் கேட்பது, பிறகே ஆசிரியரிடம் வருவது. வேலை நேரம் ஐந்து நிமிடத்தில் தொடங்கி மெதுவாக இருபதுக்கு ஏறும். பாதிப் பேருக்கு மேல் இதை ஏற்கெனவே செய்து பழகியவர்கள் என்பது இங்கே பெரிய உதவி. இந்த ஆறு வாரத்தை வீண் என்று நினைத்துச் சுருக்கும் ஆசிரியர் ஆண்டு முழுவதும் குறுக்கீட்டில் தவிப்பார்.

ஒரு பிழையை அருகிலிருந்து பார்ப்போம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை 48-ஐயும் 37-ஐயும் கூட்டி 715 என்று எழுதுகிறது. நாலும் மூணும் ஏழு, எட்டும் ஏழும் பதினைந்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டது. கூட்டல் தெரியாமல் வந்த பிழை இல்லை இது. பத்து ஒற்றைகள் சேர்ந்தால் ஒரு கட்டாகிப் பக்கத்து இடத்துக்குப் போகும் என்ற முதல் வகுப்புச் செய்தி இன்னும் கையில் படியவில்லை. ஒரே வகுப்பு அறையாக இருந்தால் குச்சிக் கட்டுகள் கீழ் வகுப்பில் இருக்கும். அதை வரவழைப்பதே அந்தப் பிள்ளைக்கு அவமானமாகத் தோன்றும். இங்கே அவை அதே அலமாரியில், யாரோ ஒருவர் கையில் எப்போதும் இருப்பவை. பிள்ளை எழுந்து போய் எடுத்து, பதினைந்து குச்சியில் பத்தை ரப்பர் வளையத்தால் கட்டி, 85 என்று தானே கண்டுபிடிக்கும். பின்னோக்கிப் போவதற்குக் கூச்சம் இல்லாத இடம் என்பது இந்த அறையின் மிகப் பெரிய நன்மை என்றே சொல்ல வேண்டும். முன்னோக்கிப் போவதும் அப்படித்தான்: வேகமான முதல் வகுப்புப் பிள்ளை கணக்குக்கு மட்டும் இரண்டாம் வகுப்புக் குழுவில் உட்காரலாம், அதற்காக வேறு அறைக்குப் போக வேண்டியதில்லை.

வாசிப்பும் எழுத்தும்

வாசிப்புக் குழுக்கள் வகுப்பைப் பார்த்து அமைவதில்லை, திறனைப் பார்த்து அமையும். தொடக்கக் குழு ஆங்கிலத்தின் 'கேட்' (cat), 'சிட்' (sit) போன்ற குறுகிய ஒலிச் சொற்களையும், எஸ்ஸும் எச்சும் சேர்ந்து 'ஷ்' ஆவதையும் படிக்கும். அடுத்த குழு சொல்லின் கடைசியில் ஒலிக்காமல் நிற்கும் ஈ (e), முன்னிருக்கும் உயிரொலியை நீட்டுவதைப் படிக்கும். அதற்கடுத்தது இரண்டு மூன்று அசைச் சொற்கள், முன்னொட்டு, பின்னொட்டு. ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு நிமிடம் உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டு, குழுக்களைக் கலைத்து மறுபடி சேர்ப்பது நல்ல நடைமுறை. கலைக்காமல் விட்டால் 'மெதுவான குழு' என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். மூன்று ஆண்டு ஒரே அறை என்பதால் அந்தப் பெயரும் மூன்று ஆண்டு கூடவே வரும்.

ஒரு கணக்கைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பரவலாகப் பயன்படும் வாசிப்பு வேக அளவின்படி, ஆண்டு முடிவில் நடுத்தரப் பிள்ளை ஒரு நிமிடத்தில் சரியாக வாசிக்கும் சொற்கள்: முதல் வகுப்பில் 60, இரண்டாம் வகுப்பில் 100, மூன்றாம் வகுப்பில் 112. முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடையே பெரிய தாவல். அதற்குப் பிறகு சிறிய ஏற்றம். அதனால் வாசிப்பைப் பொறுத்தவரை 2, 3 சேர்ந்த அறையை நடத்துவது எளிது. 1, 2 சேர்ந்த அறை கடினம். உதவி ஆசிரியர் ஒருவரைத்தான் தர முடியும் என்றால், அவரைத் தொடக்க வாசிப்பு நேரத்துக்குக் கொடுப்பதே சரி.

எழுத்தில் எல்லோருக்கும் ஒரே தலைப்பு கொடுக்கலாம். நவம்பர் 1 புனிதர் அனைவர் பெருவிழாவுக்கு ஆளுக்கொரு புனிதரைப் பற்றி எழுதுவார்கள். முதல் வகுப்பு, பெரிய எழுத்தில் தொடங்கி முற்றுப்புள்ளியில் முடியும் மூன்று நான்கு வாக்கியம். இரண்டாம் வகுப்பு, தொடக்கம், நடு, முடிவு உள்ள ஒரு பத்தி. மூன்றாம் வகுப்பு, பிறப்பு, செய்த பணி, இன்று நமக்கு என்ன என்று மூன்று பத்தி. மூன்றும் ஒரே சுவரில் தொங்கும். அடுத்த ஆண்டு தான் எப்படி எழுதப் போகிறோம் என்பதைச் சின்னவள் அந்தச் சுவரிலேயே படித்துவிடுவாள்.

அறிவியல்: ஒரே சோதனை, மூன்று ஆழம்

மூன்றாண்டுச் சுழல் பெரும்பாலும் இப்படி: ஓர் ஆண்டு ஒலியும் ஒளியும், ஓர் ஆண்டு பொருள்களின் பண்புகளும் செடிகளும், ஓர் ஆண்டு விசை, காந்தம், உயிரிகளின் வாழ்க்கைச் சுழற்சி. காந்த வாரத்தில் முதல் வகுப்பு, ஒட்டும் பொருள் ஒட்டாத பொருள் என்று இரண்டு தட்டில் பிரிக்கும்; உலோகம் எல்லாம் ஒட்டும் என்ற நினைப்பு செப்புக் காசிலும் அலுமினியத் தாளிலும் உடையும். இரண்டாம் வகுப்பு அதை அட்டவணையில் எழுதும். மூன்றாம் வகுப்பு, காந்தத்துக்கும் காகிதக் கிளிப்புகளுக்கும் நடுவே 0, 5, 10, 15 அட்டைகள் வைத்து, ஒவ்வொரு முறையும் எத்தனை கிளிப் தூக்குகிறது என்று மும்மூன்று தடவை எண்ணும். ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்பதுதான் அங்கே பாடம். நடுவில் காந்தத்தையே மாற்றிவிட்டு எண்ணிக்கை தாறுமாறாக வருவது அடிக்கடி நடக்கும். ஆசிரியர் உடனே திருத்தாமல், ஏன் இப்படி வந்தது என்று குழுவையே கேட்க வைப்பது நல்லது.

மறைக்கல்வி: இந்த அறைக்கென்றே அமைந்த பாடம்

மற்ற பாடங்களில் வயதுக் கலப்பு ஒரு வசதி என்றால், மறைக்கல்வியில் அது பாடத்தின் இயல்போடு பொருந்திப் போகிறது. திருவழிபாட்டு ஆண்டே ஒரு சுழல்தானே. திருவருகைக்காலம் (கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய காத்திருப்பு வாரங்கள்), கிறிஸ்து பிறப்பு, தவக்காலம், பாஸ்கா (ஈஸ்டர்), பொதுக்காலம். ஒவ்வோர் ஆண்டும் அதே விழாக்கள், அவற்றைப் பார்க்கும் பிள்ளைக்கு மட்டும் ஒரு வயது கூடியிருக்கும். ஞாயிறு வழிபாட்டில் வாசிக்கும் விவிலியப் பகுதிகளோ மூன்றாண்டுச் சுழல். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1969-இல் வந்த ஒழுங்கு அது: முதல் ஆண்டு மத்தேயு நற்செய்தி, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா, யோவான் தவக்காலத்திலும் பாஸ்காக் காலத்திலும் எல்லா ஆண்டும் இடையே வரும். ஆண்டு எண்ணை 3-ஆல் வகுத்து மீதி வராவிட்டால் அது லூக்கா ஆண்டு. 2025 லூக்கா, 2026 மத்தேயு, 2027 மாற்கு. மூன்று ஆண்டு ஒரே அறையில் இருக்கும் பிள்ளை மூன்று நற்செய்தியையும் ஒரே ஆசிரியரோடு கேட்டு முடிக்கும். வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் வரும் ஞாயிறு நற்செய்தியை வாசித்துப் பேசும் வழக்கம் இருந்தால் இது தானாக நடக்கும்.

ஒரு சிக்கல், வழிபாட்டு ஆண்டு நவம்பர் இறுதியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ திருவருகைக்காலத்தில் தொடங்குகிறது, பள்ளி ஆண்டு ஆகஸ்டில். ஆக ஒரு பள்ளி ஆண்டில் இரண்டு நற்செய்தி வரும். பாடத்திட்டத்தைப் பள்ளி நாள்காட்டியில் மட்டும் எழுதும் ஆசிரியர் இதில் இடறுவார்.

செபங்கள் படிப்படியாக வரும். முதல் வகுப்பில் சிலுவை அடையாளம், இயேசு கற்பித்த செபம், மங்கள வார்த்தை, திரித்துவப் புகழ். இரண்டாம் வகுப்பில் மனத்துயர் செபம், பத்துக் கட்டளைகள். மூன்றாம் வகுப்பில் நம்பிக்கை அறிக்கை, செபமாலையின் மறையுண்மைகள். தினமும் சேர்ந்து சொல்வதால் சின்னவர்கள் நீண்ட செபத்தைக்கூடக் காதால் பிடித்துவிடுவார்கள். ஆனால் காதால் பிடித்ததில் சொற்கள் சிதைந்திருக்கும். வாரம் ஒருமுறை ஒவ்வொருவராகத் தனியாகச் சொல்லச் சொன்னால்தான் தெரியும்.

எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்பது இரண்டாம் வகுப்பு. ஏறத்தாழ ஏழு வயதில் பிள்ளைக்கு நன்மை தீமை பகுத்தறியும் பருவம் வருகிறது என்பது திருச்சபையின் கருத்து. 1910-இல் திருத்தந்தை (போப்) பத்தாம் பயஸ் புதுநன்மைக்கு, அதாவது திருப்பலியில் (பூசையில்) அர்ச்சித்த அப்பமாகிய நற்கருணையை முதல் முறை வாங்குவதற்கு, அந்த வயதே போதும் என்று அறிவித்தார். முதலில் ஒப்புரவு அருளடையாளம் (பாவசங்கீர்த்தனம்: பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவது), பிறகு நற்கருணை. அமெரிக்கப் பங்குகளில் முதல் ஒப்புரவு பெரும்பாலும் திருவருகைக்காலத்திலோ தவக்காலத்திலோ நடக்கும், புதுநன்மை ஏப்ரல், மே மாதங்களில். இந்தத் தயாரிப்பில் முதல் பொறுப்பு பெற்றோருக்கு. பங்குத்தந்தையும் பள்ளியும் கூட நிற்கிறார்கள்.

ஒப்புரவுக்குத் தயாராகும் பிள்ளைகளிடம் அடிக்கடி காணும் குழப்பம், தவறுதலாக நடந்ததையும் பாவத்தையும் ஒன்றாக்கிக்கொள்வது. "பால் கொட்டிவிட்டேன்" என்று பட்டியலில் எழுதும். பாவம் என்றால், தவறு என்று தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் விரும்பிச் செய்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் கதைகளாகச் சொல்லி, இது பாவமா, விபத்தா என்று பிரிக்கச் சொல்வது பலன் தரும். இதில் முதல் வகுப்புப் பிள்ளைகளும் உற்சாகமாகக் கலந்துகொள்வார்கள். அடுத்து, நடைமுறை: சிலுவை அடையாளம், இது என் முதல் பாவசங்கீர்த்தனம் என்று சொல்வது, பாவங்களைச் சொல்வது, குரு தரும் பரிகாரத்தைக் கேட்பது, மனத்துயர் செபம், பாவமன்னிப்பு. கோவில் காலியாக இருக்கும் நேரத்தில் அழைத்துப் போய், விளக்கைப் போட்டு, பாவசங்கீர்த்தன அறைக்குள் உட்கார்ந்து பார்க்க வைத்தால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பயத்தைப் போக்க மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள். "மறந்துவிட்டால் சாமியாரே எடுத்துக் கொடுப்பார்" என்று அவர்கள் சொன்னால் நம்பிக்கை வரும். குருவானவர் கேட்டதை யாரிடமும், பெற்றோரிடம்கூட, சொல்ல மாட்டார் என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். வெளியே வந்த பிள்ளையிடம் "என்ன சொன்னாய்?" என்று ஆசிரியரும் கேட்கக் கூடாது, மற்றப் பிள்ளைகளும் கேட்கக் கூடாது.

லூக்கா ஆண்டில் தவக்கால 4-ஆம் ஞாயிறன்று ஊதாரி மைந்தன் உவமை (சொத்தை அழித்துவிட்டுத் திரும்பும் மகனைத் தந்தை மன்னித்து ஏற்கும் கதை) வரும். முதல் ஒப்புரவுக்கு அதைவிடப் பொருத்தமான வாசகம் கிடையாது. மற்ற இரண்டு ஆண்டுகளில் அந்த ஞாயிறு அது வராது. சுழலை நம்பி விட்டுவிடாமல் அந்த உவமையை இரண்டாம் வகுப்புக்குத் தனியே எடுத்து வைக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகள் இதைத் தவறவிடும் ஆபத்து இங்கேதான்.

புதுநன்மைக்குக் கைப்பழக்கமும் வேண்டும். வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளை இடக்கையை மேலே, வலக்கையைக் கீழே வைத்து ஏந்தி, "ஆமென்" சொல்லி, வலக்கையால் எடுத்து அங்கேயே உட்கொள்ள வேண்டும். அர்ச்சிக்கப்படாத அப்பத்தைக் கொடுத்துச் சுவை பழக்குவது வழக்கம். முதல் தடவை நாக்கில் ஒட்டிக்கொள்வது சிலரைத் திடுக்கிட வைக்கும். கோதுமை ஒவ்வாத பிள்ளைக்குப் பசைப்புரதம் (குளூட்டன்) மிகக் குறைந்த அப்பம் உண்டு; பங்கில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் தண்ணீரும் மருந்தும் தவிர எதுவும் உண்ணக் கூடாது. பள்ளித் திருப்பலி காலை ஒன்பது மணிக்கு என்றால், நற்கருணை வாங்கும் மூன்றாம் வகுப்புக்கும் வாங்காத முதல் வகுப்புக்கும் சிற்றுண்டி நேரம் வேறாகிவிடும். எல்லோருக்குமே திருப்பலிக்குப் பின் சிற்றுண்டி என்று மாற்றிவிடுவது எளிய வழி.

மூன்று வயதினரையும் ஒரே பொருளைச் சுற்றி உட்கார வைக்கும் ஒரு முறையை இங்கே சொல்லியாக வேண்டும். 1954-இல் உரோமையில் சோபியா கவல்லெத்தியும் ஜான்னா கோபியும் தொடங்கிய 'நல்லாயன் மறைக்கல்வி', மாண்டிசோரி முறையைச் சார்ந்தது. 3–6, 6–9, 9–12 என்று மூன்று வயது வட்டங்கள். சிறு மரப் பீடம், சிறு கிண்ணம், தட்டு, மரத்தில் செய்த ஆயனும் ஆடுகளும் அந்த அறையில் இருக்கும். முதல் வட்டத்தின் மையம் யோவான் 10-ஆம் அதிகார நல்லாயன். இரண்டாவதில் யோவான் 15-இன் திராட்சைக் கொடி. பிள்ளை தன் கையாலேயே திராட்சை இரசத்தில் சில துளி நீர் சேர்த்துப் பார்க்கும். சேர்த்த நீரைப் பிரிக்க முடியுமா என்று ஆசிரியர் கேட்பார். பதில் சொல்ல அவசரப்படுத்த மாட்டார். நிதானமாகக் கையாள்வதற்கு நேரம் கொடுப்பதுதான் இந்த முறையின் உயிர். ஒரு மணிக்குள் மூன்று பாடம் முடிக்க நினைத்தால் மரப்பொம்மைகள் வெறும் விளையாட்டுச் சாமானாகிவிடும்.

கத்தோலிக்கர் அல்லாத குடும்பங்கள், தமிழ் இந்துக் குடும்பங்கள் உட்பட, இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள்: எங்கள் பிள்ளைக்கும் இதெல்லாம் செய்வார்களா? மறைக்கல்வி வகுப்பிலும் பள்ளித் திருப்பலியிலும் பிள்ளை உட்காரும். திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறாத பிள்ளைக்கு ஒப்புரவோ நற்கருணையோ கிடையாது. இரண்டாம் வகுப்புத் தோழர்கள் வெள்ளுடையில் போகும் நாளில் பிள்ளை ஏக்கப்படலாம்; அதைப் பற்றி முன்பே வீட்டில் பேசிவிடுவது நல்லது.

சின்னவர், நடுவிலிருப்பவர், பெரியவர்

வீட்டில் ஒற்றைப் பிள்ளையாக வளரும் குழந்தைக்கு இந்த அறை தருவதை வேறு எங்கும் பெறுவது கடினம். முதல் ஆண்டு கேட்கவும் பார்க்கவும் கற்கிறது. மூன்றாம் ஆண்டு வழிகாட்டக் கற்கிறது. பள்ளித் திருப்பலியில் மூன்றாம் வகுப்பு மன்றாட்டு வாசிக்கும், சின்னவர் பக்கத்தில் உட்கார்ந்து எப்போது எழுவது, எப்போது முழந்தாளிடுவது என்று சைகை காட்டும். அமெரிக்காவில் 'தூயவர்' பாடல் முடிந்ததும் முழந்தாளிட்டு, நற்கருணை மன்றாட்டின் இறுதி 'ஆமென்' வரை அப்படியே இருப்பது ஒழுங்கு. ஆறு வயதுக்கு அது நீண்ட நேரம்.

உதவி செய்வதற்கும் எல்லை வேண்டும். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையின் கணக்கைத் தானே போட்டுக் கொடுத்துவிடும். இருவருக்கும் பயன் இல்லை. பென்சில் எப்போதும் கணக்குக்குச் சொந்தக்காரர் கையில்தான் இருக்க வேண்டும், உதவுபவர் வாயால் மட்டும் சொல்லலாம் என்ற விதி இதற்கு நன்றாக வேலை செய்கிறது. அதுவும் ஒரு நாளில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் கூடாது. பெரிய பிள்ளையைச் சம்பளமில்லாத உதவி ஆசிரியராக்கும் அறையில், பெற்றோர் பயந்தபடியே அந்தப் பிள்ளையின் சொந்தப் படிப்பு நின்றுபோகும்.

சேர்க்கும் முன் பார்க்க வேண்டியவை

மூன்றாண்டுச் சுழலின் வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். முறையாக நடத்தும் பள்ளியிடம் எந்த ஆண்டு எந்த அலகு என்ற ஒரு பக்கத் தாள் இருக்கும். கூட்டு வகுப்பு நடத்தும் பள்ளி மழுப்பும். கணக்கை எப்படிப் பிரிக்கிறார்கள், மூன்றாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு அதற்கு மேல் என்ன தருவார்கள் என்று கேளுங்கள். தரப்படுத்தப்பட்ட தேர்வுகள் வகுப்பை வைத்து வருபவை; சுழலில் இன்னும் வராத அலகிலிருந்து கேள்வி வந்தால் மதிப்பெண் இறங்கும், அதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். ஆசிரியர் பொருந்தாமல் போனால் மூன்று ஆண்டும் அதே ஆசிரியர்தானா, மாற்ற வழி உண்டா? இதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

வேலை காரணமாக ஊர் மாறும் குடும்பங்களுக்குச் சுழலின் வரைபடம் மிக முக்கியம். சுழலின் நடுவில் வரும் பிள்ளை சில அலகுகளைத் தவறவிடும், நடுவில் போகும் பிள்ளை புதுப் பள்ளியில் சிலவற்றை இரண்டாம் தடவை படிக்கும். போகும்போது மதிப்பெண் பட்டியலோடு, முடித்த அலகுகளின் பட்டியலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் வகுப்பில் மாறுவதாக இருந்தால் ஒப்புரவு, புதுநன்மைத் தயாரிப்பு எதுவரை வந்திருக்கிறது என்று புதிய பங்குக்குக் கடிதம் வேண்டும். திருமுழுக்குச் சான்றிதழும் கேட்பார்கள்.

மூன்றாம் வகுப்பு முடித்துப் போகும் பிள்ளைக்கு நான்காம் வகுப்பு, பாடவேளைக்கு ஒரு மணி, பாடத்துக்கு ஒரு புத்தகம் என்று இயங்கும் தனி வகுப்பாக இருக்கலாம். மே மாதத்தில் இரண்டு மூன்று நாள் அந்த அறையில் உட்கார வைத்துப் பழக்கும் பள்ளிகளில் மாற்றம் சிரமமில்லாமல் நடக்கிறது. உங்கள் பள்ளியில் அந்த ஏற்பாடு இல்லையென்றால், செய்யும்படி ஏப்ரலிலேயே கேட்டுவிடுங்கள்.